பாதி ஓடிய பிலிம்

குமார் அண்ணா, நீ போன பிறகு உன் பெரிய கேமராவை நான் திறக்கவே இல்லை. நீ பாதி எடுத்த பிலிம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனாலும் நாம் பேசி வைத்த கன்னியாகுமரிக்குப் போயே தீருவது என்று, சட்டைப்பையில் அடங்கும் சின்ன கேமரா ஒன்று வாங்க காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒல்லி, புருவம்கூட வெள்ளை. எந்தக் கேமராவைத் தொடும் முன்பும் இரண்டு கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இம்மாம் பெருச தோள்ல மாட்டிக்கினு சின்னது எதுக்குபா?"

"இதுல எங்க அண்ணன் எடுத்த படம் இருக்குது. அவரு செத்துட்டாரு. மிச்ச பிலிம்ல நான் எடுக்க மாட்டேன்."

"அப்போ இத வீட்ல வெச்சிட்டுப் போயேன். வெயிட்டு."

"ரெண்டு பேரும் போறதாதான் பேச்சு. இதுவும் வரும். வந்தப்புறம்தான் பிலிம கழுவணும்."

அவர் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டு, உன் கேமராவின் பின்மூடி தவறித் திறந்துவிடாதபடி கறுப்பு டேப் சுற்றி ஒட்டினார். பிறகு ஒரு சின்ன கேமராவை என் சட்டைப்பையில் போட்டு, என்னைக் குனியச் சொல்லிப் பார்த்தார்.

"உழாது. பஸ்ஸுல ஜன்னலோரம் அண்ணனுக்குக் குடு. நீ இந்தாண்ட குந்து," என்றார்.

உன்னைப் பார்த்தே இராத மனிதர் அவர். எப்படி அந்த வார்த்தை வந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. நாளைக் காலை பஸ் ஏறுகிறோம். இதைப் படிக்கும் எல்லாரும் எங்கள் குமார் அண்ணாவுக்காக ஒரு தரம் சாமியை வேண்டிக்கொள்ளுங்கள்.