கால் ஊன்றாமல் ஒரு கணவாய்

சுவிஸில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையானால் மனிதர்கள் களைத்துப்போவதற்கென்றே சைக்கிளை எடுத்துக்கொண்டு மலையேறுகிறார்கள். கேரியரில் மூட்டை கிடையாது, மேலே போய்ப் பார்க்கவேண்டிய ஆளும் கிடையாது. உச்சியில் நின்று "ஷோன்", அழகு, என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அந்தப் பக்கம் இறங்கிவிடுவார்கள். இதைத் தொலைபேசியில் சொன்னபோது இலங்கையில், ரத்தோட்டையில் இருக்கும் என் அண்ணன், "வேற வேல இல்லையா அவங்களுக்கு?" என்றுதான் கேட்டார்.

இப்போது நானும் அவர்களில் ஒருத்தி. ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குச் சலவை வேலை. அந்த இல்லத்தின் கார் நிறுத்துமிடத்தில்தான், நாற்பது வயதில், விழுந்து எழும்பிச் சைக்கிள் பழகினேன். அங்கே பழுதுபார்க்கும் வேலை செய்யும் ரெட்டோ போன கோடையில் என்னை ஓர் அல்ப்ஸ் கணவாய்க்கு அழைத்துப்போனார். மனிதருக்கு ஒரு சட்டம் உண்டு. அடிவாரத்தில் ஏறி உட்கார்ந்தால் உச்சிவரை கால் தரையில் படக்கூடாது. பட்டால் கணவாயைக் கடந்ததாகாது. எனக்கு மூன்று இடத்தில் பட்டது. பனி உருகி ஓடும் ஓடை, மணி கட்டிய மாடுகள் எல்லாம் இருந்தனவாம். நான் பார்த்தது என் சைக்கிளின் முன்சில்லை மட்டுமே. மேலே போனதும் ரோஷத்தில், "எங்கள் ஊர் மலையைக் கால் ஊன்றாமல் கடந்து காட்டுகிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். ரெட்டோ அதைப் பிடித்துக்கொண்டார். இந்த வருடம் விடுமுறைக்கு நான் வந்தபோது அவரும் மாத்தளையில் வந்து இறங்கிவிட்டார்.

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் கணவாயைத் தாண்டி லக்கலப் பக்கம் இறங்குவது எங்கள் திட்டம். ஊர்ப் பாலத்தடியில் ஏறி உட்கார்ந்தால் கணவாய்வரை கால் ஊன்றக்கூடாது. இதே ஏற்றத்தின் கீழ்ப்பகுதியில்தான் சிறுவயதில் அண்ணனின் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்திலிருந்து வீடு திரும்புவேன். ஏற்றம் வந்தால் அண்ணன் எதுவும் சொல்லமாட்டார். சைக்கிள் லேசாகத் தள்ளாடும். உடனே நான் குதித்துக் கேரியரைப் பிடித்துத் தள்ள வேண்டும். சமதரை வந்ததும் ஓடிப்போய் ஏறிக்கொள்ள வேண்டும். கேட்பதும் இல்லை, நன்றி சொல்வதும் இல்லை. தள்ளாமல் சும்மா நின்றால்தான் ஏச்சு விழும்.

அண்ணன் சோற்றுப் பார்சல்களையும் பிளேன்டீ ஃபிளாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். தேயிலை முடிந்து ஏலக்காய்க் காடு தொடங்கும் இடத்தில் ஏற்றம் ஆளைக் கொன்றது. முன்னால் போன ரெட்டோவின் முதுகு நனைந்துவிட்டது. அவர் மூச்சு வாங்குவது எனக்கே கேட்டது. அண்ணன் என்னை முந்திக்கொண்டு போய், ஒரு காலை நீட்டி ரெட்டோவின் பின்சில்லு அச்சில் வைத்து ஒரு தள்ளு தள்ளினார். எங்கள் பக்கம் பெற்றோல் தீர்ந்து நிற்கிறவனை, பின்னால் வருகிறவன் இப்படித்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பான். ரெட்டோ திடுக்கிட்டார். ஹேண்டில் கோணிக்கொண்டது. கால் ஊன்றிவிட்டது.

"நெய்ன்! நெய்ன்!", வேண்டாம் வேண்டாம், என்று கத்தினார். "உதவி வேண்டும் என்று நான் கேட்டேனா?"

நான் நின்றால் என் காலும் ஊன்றிவிடும். ஆகவே அந்த வளைவில் கிடந்த கொஞ்சச் சமதரையில் வட்டமடித்துக்கொண்டே இருவருக்கும் மொழிபெயர்த்தேன்.

"என்னவாம் தொரைக்கு?" என்றார் அண்ணன். தோட்டத்தில் வளர்ந்த அவருக்கு எந்த வெள்ளைக்காரரும் தொரைதான்.

"தள்ளுனது புடிக்கலையாம்ண்ணே."

"மூச்சு வாங்குற மனுசன வேடிக்க பாத்துக்கிட்டே பின்னால வர சொல்றியா? ரோட்டுல போறவங்க என்னைய என்ன நெனப்பாங்க?"

இதை ரெட்டோவுக்கு, "மிகவும் வருந்துகிறார்" என்று சொன்னேன். அதற்குள் லக்கலவிலிருந்து வந்த பஸ் என் வட்டத்துக்கு முன்னால் வந்து நின்றது. ஜன்னலெல்லாம் தலைகள். வட்டமடிக்கிற அந்த நோனாவின், அம்மணியின், சைக்கிளுக்கு பிரேக் இல்லையா என்று கண்டக்டர் சிங்களத்தில் அண்ணனிடம் விசாரித்தார். ரெட்டோ யாரையும் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பாலத்தடிக்கே இறங்கிப்போனார், மறுபடி முதலிலிருந்து ஏறுவதற்கு. அண்ணனின் முகம் சுருங்கிவிட்டது.

"நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று மட்டும் கேட்டார். நான் பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு மேலே மிதித்தேன்.

கடைசி வளைவில் பனிமூட்டமும் காற்றும் சேர்ந்து அடித்தன. தொடைகள் மரத்துவிட்டன. சைக்கிள் தள்ளாடியது. இன்னும் கொஞ்சத் தூரம்தான், ஆனால் கால் ஊன்றப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணன் பக்கத்தில் மெதுவாக வந்தார்.

"தள்ளவா?" என்றார்.

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. சுவிஸில் எல்லோரும் கேட்டுத்தான் செய்வார்கள். ஜன்னலைத் திறக்கலாமா, பையைப் பிடிக்கலாமா என்று கேட்பது எனக்குப் பிடித்தும் போயிருந்தது. ஆனால் அண்ணன் வாயிலிருந்து அது வந்ததும் நான் விருந்தாளி ஆகிவிட்டேன். தாங்கமுடியாமல் அழுகை வந்தது.

"கேட்டுக்கிட்டா தள்ளுவீங்க?" என்றேன்.

பின்சில்லு அச்சில் அவர் கால் வந்து அழுத்தியது.

நாங்கள் கணவாயைச் சேர்ந்து வெகுநேரம் கழித்து ரெட்டோ முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டே ஏறிவந்தார். கால் ஊன்றவே இல்லையாம். நேராக அண்ணனிடம் போய்க் கைகொடுத்தார். அண்ணன் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். பிறகு ரெட்டோ என்னைப் பார்த்து, "அலைன்?" என்றார். "யா" என்றேன்.

"என்ன கேட்டாரு?"

"தனியாவா ஏறுனேன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னுட்டேன்."

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "அப்பிடியே இருக்கட்டும். மறுபடி ஒன்னைய பாலத்தடிக்கு அனுப்பிருவாரு."

லக்கலப் பக்கம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் எஞ்சினை நிறுத்திவிட்டு இறக்கத்தின் போக்கிலேயே முன்னால் போனார். பின்னால் ரெட்டோ "ஷோன், ஷோன்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் இருவருக்கும் நடுவில் இறங்கினேன். அந்த இறக்கத்தில் யாரும் யாரையும் தள்ள வேண்டியிருக்கவில்லை.