பதினேழாம் மூட்டையின் முடிச்சு

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, முடிச்சுத்தான் கையெழுத்து. அழுக்குத் துணியைப் பிரித்து மூட்டை கட்டுகிறவர், எண் வில்லையைக் கயிற்றில் கோர்த்துத் தன் கைவாகுக்கு ஒரு முடிச்சுப் போடுவார். இயந்திரத்தில் போடும்போது அதை அவிழ்க்க எவருக்கும் பொறுமை கிடையாது. கயிற்றை வெட்டிப் பெட்டியில் வீசிவிடுவார்கள்.

அன்றைக்கு ஆள் பற்றாக்குறை. இஸ்திரிப் பகுதியில் நாத்தனாரோடு வேலை பார்க்கும் அண்ணியும், வழக்கமாக வேலை வாங்குவதோடு நின்றுவிடும் சூப்பர்வைசரம்மாவும் மூட்டை கட்ட உட்கார்ந்தார்கள். பதினேழாம் மூட்டைக்குள் கிடந்த கத்திரிக்கோல் ஒன்று பெரிய இயந்திரத்தின் உருளையைக் கிழித்துவிட்டது.

"அது இவ கட்டினது சார்" என்றாள் சூப்பர்வைசரம்மா, கொஞ்சமும் கூசாமல்.

"நான் கட்டல சார்" என்றாள் அண்ணி.

மேலாளர் காதில் அது ஏறவில்லை. மறுநாளிலிருந்து அண்ணிக்கு அழுக்கறைதான் நிரந்தரம் என்று உத்தரவாயிற்று. பதினொரு வருடம் வெள்ளைத்துணி மடித்த கை. அதோடு விட்டதா? "கத்திரியம்மா வர்றாங்க, வழி விடுங்கப்பா!" என்று இஸ்திரிக்காரர் பட்டப்பெயர் வேறு சூட்டினார்.

நாத்தனாருக்கு இது பொறுக்கவில்லை. மதிய இடைவேளையில் கயிற்றுப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பதினேழாம் வில்லை கிடைத்தது. முடிச்சு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. அந்தக் கூடத்தில் இடக்கைக்காரி ஒருத்திதான், சூப்பர்வைசரம்மா.

"மாட்டினாங்க அண்ணி! வாங்க, மேலாளர் மேசையில கொண்டுபோய் வெச்சிடலாம்."

அண்ணி கயிற்றை வாங்கிப் பார்த்தாள். வில்லையைத் திருப்பி எண்ணைச் சரிபார்த்தாள். பிறகு, "முதல்ல அவங்ககிட்டதான் போகணும்" என்றாள்.

"மண்டை கிண்டை குழம்பிப்போச்சா உங்களுக்கு?"

"எனக்கு ஆத்திரமில்லேன்னு நினைக்காத. முழங்கால் போட்டு ஜெபம் பண்ண உட்கார்ந்தா, ஜெபமே வரல. அந்தம்மாவைத் திட்டித் தீர்த்தேன். ஆண்டவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டார். நான் தப்புப் பண்ணினப்பல்லாம் அவர் ஊரைக் கூட்டியா சொன்னார்? தனியாத்தானே உணர்த்தினார்?"

சூப்பர்வைசரம்மாவின் அறை வாசலில் நாத்தனார் நின்றுகொண்டாள். அண்ணி கயிற்றை மேசைமேல் வைத்தாள்.

"இது உங்க முடிச்சும்மா. செய்யாததைச் செஞ்சேன்னு நான் ஒத்துக்க மாட்டேன். நீங்களே போய்ச் சொல்லிட்டா உங்களுக்கு நல்லது."

சூப்பர்வைசரம்மாவின் முகம் சுண்ணாம்பாயிற்று. அண்ணி வெறுங்கையோடு வெளியே வந்தாள்.

"ஐயோ, கயிற்றை அங்கேயே விட்டுட்டீங்களே! இருந்த ஒரே சாட்சி!"

"கையில வெச்சுக்கிட்டுப் பேசினா மிரட்டறதா ஆயிடும், பாப்பா."

ஆறு நாள் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. அண்ணி நாற்றத்தில் நின்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு நன்றி சொல்லும்போது சூப்பர்வைசரம்மாவையும் சேர்த்து வேண்டிக்கொண்டாள். நாத்தனார் வேண்டுமென்றே ஆமென் சொல்லவில்லை.

ஏழாம் நாள் காலை, சூப்பர்வைசரம்மா தானாகவே மேலாளரிடம் போய்க் கயிற்றை நீட்டினாளாம். "நான்தான் சார். பயந்துட்டேன்" என்றாளாம். மேலாளர் குதித்தார். சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு அவளை அழுக்கறைக்கு அனுப்பினார். அண்ணியைப் பழைய இடத்துக்கே போகச் சொன்னார்.

"ரெண்டு நாள் கழிச்சுப் போறேன் சார்" என்றாள் அண்ணி. "அவங்களுக்கு அழுக்குத்துணி பிரிச்சுப் பழக்கமில்ல. உள்ளே ஊசி கிடக்கும். குத்திடுச்சுன்னா என்ன ஆகறது?"

நாத்தனார் கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்தாள். உள்ளே இரண்டு பேர். தலைகுனிந்து நின்றவளின் இடக்கையை அண்ணி பிடித்து, கையுறையை முழங்கை வரை இழுத்துவிட்டாள். "தடவிப் பார்க்கக் கூடாதும்மா. ஓரத்தைப் பிடிச்சு மெதுவாச் சுருட்டணும். இப்படி." சூப்பர்வைசரம்மாவின் தோள் குலுங்கியது. அண்ணி கையை எடுக்கவில்லை.

குழம்பில் உப்பு தூக்கல் என்று நேற்று தன்னோடு மல்லுக்கட்டிய அதே அண்ணிதானா இது? ஒரே வீட்டில் இத்தனை வருடம் இருந்தும் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று தெரியாமலே போயிற்றே. நாத்தனார் கண்ணாடியை விட்டு அகலவில்லை.

"என்னம்மா, சிலையா நிக்கிற? இஸ்திரிக்குத் துணி குவிஞ்சு கிடக்கு" என்று வந்தார் இஸ்திரிக்காரர்.

"கொஞ்சம் பேசாம இருங்கண்ணே" என்றாள் அவள், தேவாலயத்துக்குள் நிற்பவள்போல் குரலைத் தாழ்த்தி.