திருவேங்கடம் சேர்ந்த இரண்டு கூட்டங்கள்

ஸ்ரீரங்கத்துத் திருவேங்கடம் இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு 'என்றும் மாணவர் வட்டம்' என்ற ஒன்றில் போய்ச் சேர்ந்தார். தில்லைநகரில் ஒரு ஹோட்டலின் ஏ.சி. ஹாலில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். வாழ்நாள் முழுக்கக் கற்போம் என்று பேனர் கட்டியிருக்கும். நானும் ஒரு தடவை போயிருக்கிறேன். அங்கே யாரும் எதையும் கற்று நான் பார்க்கவில்லை. ஒருவர் எழுந்து, தான் விடியற்காலையில் எழுந்துகொள்வதைச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். இன்னொருவர் சர்க்கரையை விட்டுவிட்டதாகச் சொன்னார், அதற்கும் தட்டினார்கள். பிறகு கேசரி வந்தது. சர்க்கரையை விட்டவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தலைவர் ரெங்கராஜ். மனை விற்றுக்கொண்டிருந்தவர், அது படுத்துப்போனதும் வாழ்வியல் பயிற்சியாளர் ஆகிவிட்டார்.

திருவேங்கடத்துக்குக் காது போய்க்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்ட கருவி ஹாலின் இரைச்சலையெல்லாம் பெரிதாக்கிக் கொடுத்ததே தவிர, பேச்சு புரியவில்லை. இனிமேல் குறையத்தான் செய்யும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதனால் பக்கத்து நாற்காலிக்காரர் தட்டினால் இவரும் தட்டினார், அவர் சிரித்தால் சிரித்தார். ஒருநாள் ஒருவர் தன் அம்மா தவறிப்போனதைச் சொல்லி முடிக்க, யாரோ பழக்கதோஷத்தில் தட்ட, இவரும் பலமாகத் தட்டினார். விஷயம் பிறகுதான் தெரிந்தது. கூசிப்போனார். மற்ற யாருக்கும் அது உறைத்ததாகவே தெரியவில்லை.

ரெங்கராஜிடம் போய், பேசுகிறவர்கள் தன் பக்கம் முகம் காட்டிப் பேசினால் போதும், முக்கியமானதைப் போர்டில் எழுதினால் இன்னும் நல்லது என்று கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ரெங்கராஜ் மைக்கில், சாருடைய குறையே சாருடைய பலம் என்று அறிவித்துப் பொன்னாடை போர்த்தினார். போர்டு வரவே இல்லை.

"பொன்னாடையைச் சுருட்டிக் காதுல வச்சுண்டா கேக்குமா?" என்றாள் அவர் மனைவி கோதை. அதையும் அவள் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றோடு போவதை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இருக்கிற ஒரே கூட்டத்தையும் விட்டுவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரப் பயமாக இருந்தது அவருக்கு.

அப்படி ஒரு ஞாயிறு திரும்பும்போது, பஸ் மாற சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினார். டீக்கடை ஓரமாகச் சிலர் நின்று கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர்களே ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் மட்டும் நிம்மதியாக அரட்டை அடித்தார்கள். இவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவர்களில் ஒருவர், மலைக்கோட்டைக் கடைவீதியில் தையல் வேலை செய்யும் ஜெகபர் சாதிக், போனில் தட்டி நீட்டினார். "என்ன பாக்குறீங்க?"

இவர் அதிலேயே பதில் தட்டினார். "எனக்கும் காது போகிறது. கற்றுத்தருவீர்களா?"

அவர்கள் அனுதாபப்படவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

அங்கே யாரும் பாராட்டுவதில்லை. டீ குடிக்கலாமா என்று கேட்பதாக நினைத்து அவர் ஏதோ சைகை காட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்களில் ஆன்சி என்ற பெண் பாங்கில் வேலை செய்பவள். தப்பாக மடங்கிய அவர் விரலைப் பிடித்து நிமிர்த்துவாள். அதே தப்பை மறுபடி செய்தால் தலையில் அடித்துக்கொள்வாள். ஒருகாலத்தில் ஆபீசையே நடுங்கவைத்த மனுஷர், வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பழகினார்.

வட்டத்திலிருந்து, உங்கள் நாற்காலி உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது. ஒரு தடவைகூட வராதவர்களுக்கும் அதே செய்திதான்.

பிறகு கோதையும் அவரோடு போக ஆரம்பித்தாள். அதிகாரியாக இருந்த கனம் அவளுக்கு இல்லாததால் வேகமாகப் பிடித்துக்கொண்டாள். போன மார்கழியில் அவருக்குக் காது முழுதாக அடைத்தபோது, வீட்டில் சண்டைகூட நிற்கவில்லை. இப்போது கையால் போடுகிறார்கள்.

சமீபத்தில் ஆன்சிக்கு உடம்பு முடியவில்லை. கோதைதான் ஆஸ்பத்திரிக்குக் கூடப்போனாள். டாக்டர், எத்தனை நாளாக வலிக்கிறதாம் அந்தப் பெண்ணுக்கு என்று கோதையைப் பார்த்தே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவளைப் பார்த்துக் கேளுங்கோ டாக்டர்" என்றாள் கோதை. "வலி அவளுக்கு. நான் கையால சொல்ல வந்தவ."

டாக்டர் நாற்காலியை ஆன்சி பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.