சிங்கப்பூரிலிருந்து வராத காய்ச்சல்

சித்திரை மாதம், பிற்பகல் நாலு மணி, கோவில்பட்டி. அந்த நேரத்தில் ஒருவர் கம்பளி கேட்டால் வீட்டிலிருப்பவர்கள் முதலில் சிரிக்கத்தான் செய்வார்கள். நாங்களும் சிரித்தோம். என் கணவர் சண்முகம் சிரிக்கவில்லை. அவருடைய பல் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் அடுப்படி வரை கேட்டது.

"வெளிநாட்டு உடம்புல்லா, நம்ம ஊரு வெயிலே குளிருது போல" என்று சொல்லிக்கொண்டே என் மாமியார் பரணிலிருந்து கம்பளியை இறக்கினார். நாங்கள் விடுமுறைக்கு வந்து அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வருகிறவர்களுக்கும், வந்த இடத்தில் அவர்களைக் கவனிக்க வேண்டியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். மருத்துவம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. பொய் சொல்வதில் மட்டும் மூன்று வருட அனுபவம் உண்டு.

என் கணவர் தீப்பெட்டி ஆலை எந்திரங்களைப் பழுது பார்ப்பவர். கோவில்பட்டியில் தொழில் பழகி, தான்சானியாவில் ஒரு தீப்பெட்டி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவர். எங்கள் ஊர்ப்பக்கம் இது அதிசயமில்லை. அதிசயம் என் அப்பா. அவர் பசுவந்தனையில் கரிசக்காட்டில் உளுந்தும் கம்பும் போடுகிறவர். எனக்கு முதலில் வந்த, ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கிற ஒரு வரனை, "பிள்ளைய சிங்கத்துக்குக் குடுக்கவா வளத்தேன்?" என்று கேட்டு வாசலோடு அனுப்பிவைத்தவர்.

அந்தக் கதை என் மாமியார் காதுக்கும் போயிருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்று அப்பா கேட்டதும், மாமியார் கையிலிருந்த காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சிங்கப்பூர்" என்றார்.

அன்று சாயங்காலமே சண்முகம் என்னிடம் போனில் உண்மையைச் சொல்லிவிட்டார். சொன்ன விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் முடிந்ததும் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்தோம். பக்குவமான அந்த நாள் மூன்று வருடமாக வரவில்லை. இடையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் (அடைத்த இரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் மெல்லிய கம்பிவலை) வைத்தார்கள். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் சொன்னதும் பொய் மருந்துச்சீட்டில் ஏறிவிட்டது மாதிரி ஆகிவிட்டது.

அப்பா சும்மா நம்பவில்லை, முழு மனதோடு நம்பினார். பசுவந்தனை வீட்டுச் சுவரில் இரண்டாவதாக ஒரு கடிகாரம் வாங்கி மாட்டி, சிங்கப்பூர் நேரம் வைத்தார். அது நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடும். தான்சானியாவோ இரண்டரை மணி பின்னால். அதனால் எங்களுக்கு மத்தியானம் ஒரு மணியாக இருக்கும்போது அப்பா வீடியோ காலில் வந்து, "ஏட்டி, அங்க ஆறு மணி ஆயிட்டே, வெளக்கேத்திட்டியா?" என்பார். நான் ஜன்னல்களைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, விளக்கேற்றிக் காட்டுவேன். வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் சென்னையில் இறங்கி, வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடையில் சிங்கப்பூர் தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டுதான் ரயில் ஏறுவோம்.

தான்சானியாவில் மலேரியா எங்களுக்குப் பழக்கப்பட்ட விருந்தாளி. சண்முகத்துக்கு இரண்டு தடவை வந்திருக்கிறது. மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்ப்பார்கள். மூன்று நாள் மாத்திரை. ஆலையில் கூட வேலை பார்ப்பவர்கள் "போலே" என்பார்கள். கஷ்டப்படுகிறவரைப் பார்த்தால் அவர்களுடைய சுவாஹிலி மொழியில் சொல்லும் ஆறுதல் அது. நாலாம் நாள் வேலைக்குப் போய்விடுவார். அந்த அலட்சியத்தையும் பெட்டியில் வைத்துத்தான் ஊருக்கு வந்தோம்.

மறுநாள் கிளினிக்குக்குப் புறப்படும்போது அப்பா முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. டாக்டரம்மா என் கணவரின் நாக்கையும் கண்ணையும் பார்த்துவிட்டு, சோதனைகளை எழுதிக்கொண்டே கேட்டார்: "வெளியூர் எங்கயும் போயிட்டு வந்தீங்களா?"

நாங்கள் வாயைத் திறக்குமுன் அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "சிங்கப்பூர்லருந்து வந்திருக்காவ."

டாக்டரம்மா "அப்பச் சரி" என்று சொல்லி, எழுதிய நான்கு வரிகளில் ஒன்றின் மேல் கோடு இழுத்தார். சீட்டை வாங்கும்போது பார்த்தேன். அடித்திருந்த வரி மலேரியாச் சோதனை; சிங்கப்பூரில்தான் மலேரியா கிடையாதே. அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் நின்றார். நான் சீட்டை மடித்துக் கைப்பையில் வைத்தேன்.

வைடால் (குடற்காய்ச்சலைக் கண்டறியச் செய்யும் இரத்தச் சோதனை) லேசாக டைபாய்டு என்று காட்டியது. அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் நாங்கள் இரண்டு பேரும் அடைந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "டைபாய்டுதான், பாத்தியா? யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றார் சண்முகம். இப்படி ஒரு நோய்க்காக நிம்மதிப்பட்ட தம்பதி வேறு இருக்க முடியாது.

அதற்குள் ஆப்பிளும் பிரெட்டுமாகப் பார்க்க வருகிறவர்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தெரு ஜவுளிக்கடை காஜா அண்ணாச்சி கடம்பூர் போளியோடு வந்தார். அவருடைய மகன் நிஜமாகவே சிங்கப்பூரில் இருக்கிறான்.

"நம்ம பையன் அங்கனதான இருக்கான். மாப்பிள்ளை எந்த ஏரியா?" என்றார்.

சண்முகம் கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு நடுங்கினார். காய்ச்சல் பாதி, கேள்வி பாதி. "பாவம், பேசக்கூட முடியல" என்று அண்ணாச்சி எழுந்து போய்விட்டார்.

காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. வியர்த்துக் கொட்டி இறங்கும் நேரத்தில் உட்கார்ந்து இரண்டு இட்லி சாப்பிடுவார். "மருந்து கேக்குது" என்பார் அப்பா. சாயங்காலம் மறுபடி கம்பளி. என் மனது அடித்துக்கொண்டது. மாமியாரிடம் சொன்னபோது, "ரெண்டு நாள் பொறு, உங்கப்பா நெஞ்சுவலிக்காரரு" என்றார். பொறுத்தேன். காய்ச்சல் பொறுக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் அவர் கண் மஞ்சளாக இருந்தது. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. என்னைப் பார்த்தார், ஆனால் அடையாளம் தெரியவில்லை. பிறகு கடகடவென்று சுவாஹிலியில் பேச ஆரம்பித்தார். ஆலையில் ஏதோ எந்திரத்தை நிறுத்தச் சொல்லி யாரையோ அதட்டினார்.

அப்பா வாசலில் நின்ற பக்கத்து வீட்டுக்காரரிடம், "சிங்கப்பூர் பாஷை. எம்புட்டு சரளமா பேசுதாரு பாருங்க" என்றார். குரலில் பெருமை. கண்ணில் பயம்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஆட்டோவில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். காத்திருப்போர் வரிசையைத் தாண்டி உள்ளே போனேன். அப்பா என் பின்னாலேயே வந்தார். இந்தத் தடவை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"டாக்டர், சிங்கப்பூர் இல்ல. தான்சானியா. ஏற்கெனவே ரெண்டு தடவ மலேரியா வந்திருக்கு."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார். "இத எத்தனாம் நாள் சொல்லுதீங்க?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஃபால்சிபாரம் (மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடிய மலேரியா வகை) என்று வந்தது. முதல் ஊசியைப் போட்டுவிட்டு, ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வழி நெடுக அப்பா மாப்பிள்ளையின் காலைப் பிடித்தபடியே வந்தார். நான் பாதி நேரம் கணவரின் மூச்சையும் பாதி நேரம் அப்பாவின் நெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவர்க் கடிகாரத்தில் பதினொரு மணி. அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, அப்ப அங்கன இப்ப மணி என்ன?"

"காலைல எட்டரைப்பா."

"சிங்கப்பூர்ல?"

"மத்தியானம் ஒண்ணர."

விரல்விட்டு எண்ணினார். "அஞ்சு மணி நேரம். மூணு வருசமா உங்களப் பத்தி அஞ்சு மணி நேரம் முன்னாலயே கவலப்பட்டிருக்கேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்குப் பயந்தா சொல்லல?" என்றார்.

"உங்க நெஞ்சுக்குப் பயந்துப்பா."

"என் நெஞ்சுக்குள்ள வல வச்சாச்சு. அந்தப் பிள்ளைக்கு ஒரு கொசுவல கட்டத் தெரியலையா உனக்கு? சிங்கம் சிங்கம்னு கெடந்தேன். கொசுவப் பத்தி ஒருத்தன் சொல்லலியே."

அப்போதுதான் நான் அழுதேன். அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு, டீ வாங்கப் போனார்.

ஊசி மருந்து ஆர்ட்டிசுனேட் (இரத்தத்திலுள்ள மலேரியாக் கிருமியை வேகமாகக் கொல்லும் மருந்து). சிறுநீரகம் இரண்டு நாள் தயங்கியது. தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் நுண்ணிய அணுக்கள்) மிகவும் குறைந்தன. "இன்னிக்கு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று இரண்டு நாளும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். அந்த இரண்டு நாளில் நான் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்று. கோடு அடித்த அந்த வரியை என் பெயரில் எழுதிவிடாதே என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் அவர் தெளிவாகக் கண் விழித்தார். அப்பா குனிந்து, "எப்படி இருக்கு மாப்ள?" என்றார்.

சண்முகத்துக்கு நடந்தது எதுவும் தெரியாது. உலர்ந்த உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, "நல்லாருக்கேன் மாமா. சிங்கப்பூர்ல இதவிடப் பெரிய ஆஸ்பத்திரிலாம் இருக்கு" என்றார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அப்பா முகத்தில் ஒரு அசைவு இல்லை. "இருக்கும், இருக்கும். பேசாமப் படுங்க" என்றார். வீட்டுக்கு அனுப்பும் நாள் வரை அவர் எதையும் காட்டிக்கொள்ளவே இல்லை. தினமும் அங்கே மழையா என்று கேட்பார். இவரும் மூச்சு வாங்க மழை என்பார். இதற்குப் பெயர்தான் தண்டனை என்று பிறகு புரிந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் வீடு திரும்பினோம். சண்முகத்தின் பழைய சட்டைக்குள் இன்னொரு ஆள் நுழையலாம் போலிருந்தது. மாடிப்படியில் நாலு படிக்கு ஒருமுறை உட்கார்ந்தார். ஆலையில் ஒரு எந்திரத்தின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுகிறவருக்குத் தன் உடம்பின் சத்தம் அதுவரை கேட்டதே இல்லை. இப்போது ஒரு கொட்டாவி வந்தால்கூடக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். எனக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பிற்பகல் நாலு மணி ஆனால் என் கை தானாக அவர் நெற்றிக்குப் போகிறது. எந்த நாட்டின் நாலு மணி என்பது கைக்குத் தெரியாது.

மறுபடி புறப்படுவதற்கு முன்பு பசுவந்தனைக்குச் சொல்லிக்கொள்ளப் போனோம். அப்பா நாற்காலியில் ஏறி அந்த இரண்டாவது கடிகாரத்தைக் கழற்றினார். முள்ளைப் பின்பக்கம் திருப்பினால் கெட்டுப்போகும் என்று ஏழு மணி நேரம் முன்பக்கமாகச் சுற்றினார். மெதுவாக, ஒவ்வொரு மணியாக.

தான்சானியா வந்து சேர்ந்த மறுநாள் மத்தியானம் அப்பா வீடியோ காலில் வந்தார். பழக்கதோஷத்தில் திரையை இழுக்க எழுந்தேன். பாதியில் நின்றுவிட்டேன்.

"ஒரு மணி ஆயிட்டே, மாப்ள சாப்பிட்டாவளா?" என்றார் அப்பா.

"சாப்பிட்டாவப்பா."

"கொசுவலயக் காட்டு."

காட்டினேன். ஜன்னலிலிருந்து வந்த வெயில் வலை முழுவதும் விழுந்திருந்தது. அப்பா தன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை நிதானமாகப் பார்த்தார்.

"அந்தக் கால்மாட்டுப் பக்கம் ஒரு ஓட்ட தெரியுதுட்டி. இப்பவே தச்சிரு. நான் இருக்கேன்" என்றார்.

நான் ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தேன்.