நாலு தலை

பவுனம்மாள் எதற்கும் பயந்தவள் இல்லை. களத்துமேட்டில் நல்லபாம்பைக் கண்டால், கையிலிருக்கும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கம்பைத் தேடுகிறவள். அப்படிப்பட்டவள் தண்ணீரைக் கண்டால் மட்டும் நடுங்குகிறாளே என்று காட்டூரே கேலி பேசும். பேசுகிறவர்களுக்கு என்ன? நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும்.

பஞ்சம் வந்த வருஷம், அவளுடைய தங்கை முனியம்மா ஒரு வாய்க் கஞ்சிக்காகப் பழவேற்காட்டுக்குப் போனாள். ஏரிக்கரையில் ஒரு தரகன் கஞ்சி ஊற்றினான். குடித்தவர்களைத் தலை எண்ணிப் படகில் ஏற்றி, கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோய் விற்றான். சேதி கேட்டுப் பவுனம்மாள் ஓடிவந்தபோது படகு கூப்பிடு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. முனியம்மா "அக்கா, அக்கா" என்று கத்தினாள். பவுனம்மாள் கரையில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். நீச்சல் தெரியாத உழவுக்காரி வேறென்ன செய்வாள்?

அந்தப் பழவேற்காட்டைத்தான் சுற்றிப் பார்க்கவேண்டும் என்று புருஷன் தருமலிங்கம் ஒற்றைக்காலில் நின்றான். அறுப்பு முடிந்துவிட்டது, நெல் குதிருக்குப் போய்விட்டது, மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "பட்டணம் பாக்காத பொழப்பு இன்னா பொழப்பு?" என்று வண்டியைக் கட்டினான். அவனுடைய அக்கா தெய்வநாயகி முந்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். மகள் எல்லம்மாவும் தாவி ஏறினாள்.

"நான் வரல" என்று வாசலில் நின்ற பவுனம்மாள், வண்டி நகர்ந்ததும் ஓடிவந்து ஏறினாள். பெண்ணைத் தனியாக அந்த ஊருக்கு அனுப்ப அவளுக்கு என்ன பைத்தியமா?

பழவேற்காட்டில் பார்க்க ஆயிரம் இருந்தது. ஒல்லாந்தர் கோட்டையும் அதன் மேல் வாய் பிளந்து நின்ற பீரங்கிகளும் இருந்தன. செம்பட்டை முடியும் தொப்பியுமாக ஒல்லாந்துக்காரர்கள் வெயிலில் வெந்துகொண்டு நடந்தார்கள். சாயத்துணிக் கடைகளில் தெலுங்கும் தமிழும் துருக்கரின் பேச்சும் ஒன்றாகக் கலந்து இரைந்தன. தெய்வநாயகி ஒவ்வொரு கடையிலும் துணியைத் தொட்டுத் தடவி, "ஐய, இதுக்கு இம்மாம் வெலயா" என்று முகத்தைச் சுளித்தாள். பவுனம்மாள் ஒன்றையும் பார்க்கவில்லை. எதிரே வந்த ஆண்களின் முகத்தை மட்டும் பார்த்தாள். இவன் தரகனோ, அவன் தரகனோ என்று மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"கை வலிக்குதும்மா, வுடு" என்றாள் எல்லம்மா.

"வலிக்கட்டும்."

உச்சி சாய்ந்த பிறகு தருமலிங்கம் ஒரு படகுக்காரனைக் கூட்டிவந்தான். பெயர் குப்பன், ஏரியில் மீன் பிடிக்கிறவன். முகத்துவாரத்துப் பக்கம் போனால் கடலில் நிற்கும் கப்பல் தெரியும் என்றான். பவுனம்மாள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கப்பலா? உனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சாய்யா? வண்டியைக் கட்டு, ஊருக்குப் போலாம்."

"பட்டணம் வந்துட்டு படவு ஏறாம போனா ஊர்ல சிரிப்பாங்கமே" என்றான் அவன்.

அதற்குள் எல்லம்மா கையை உதறிக்கொண்டு படகில் குதித்துவிட்டாள். பெண் ஏறிய பிறகு தாய்க்கு வேறு வழி ஏது? பவுனம்மாளும் ஏறி, மகளை மடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

குப்பன் கழியால் தள்ளத் தள்ளப் படகு ஏரிக்குள் போயிற்று. எல்லம்மா தண்ணீரை அளைந்தாள். "நைனா, அதோ பூநாரை!" என்று கூவினாள். தருமலிங்கம் ராஜாவைப் போல உட்கார்ந்திருந்தான். பவுனம்மாளின் கண் கரையை விட்டு நகரவில்லை. கரை சிறுத்துக்கொண்டே போனது அவளுக்குத் தாங்கவில்லை.

எதிரே இன்னொரு படகு வந்தது. அதில் வலையோடு நின்றவன் கையைக் குவித்துக் கத்தினான்: "குப்பா! உன் பக்கம் எத்தினி தலை?"

"நாலு தலை!" என்று குப்பன் திருப்பிக் கத்தினான். "சாயந்தரம் எறக்கிடலாம்!"

படகில் தருமலிங்கம், தெய்வநாயகி, எல்லம்மா, தான். நாலு தலை. பவுனம்மாளுக்கு வேறொன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"ஐயோ, வித்துட்டான்டி! செத்தாலும் இங்கியே சாவோம், வா!" என்று அலறி, மகளை வாரி அணைத்துக்கொண்டு தண்ணீரில் குதித்தாள்.

குதித்தவள் முழுகவில்லை. கால் சேற்றில் புதைந்தது. தண்ணீர் இடுப்பளவு இருந்தது. நடு ஏரியில், பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, பவுனம்மாள் நெட்டுக்குத்தாக நின்றாள்.

தெய்வநாயகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம்! ஏறி வாடி!" தருமலிங்கமும் சிரித்தான். பயம் தெளிந்த எல்லம்மாவும் சிரித்தாள்.

குப்பன்தான் பதறிப்போனான். "இன்னாம்மா இப்டி பண்ணிட்ட? எங்க ஏரியில மொறை வச்சுதான் வலை எறக்குவோம். ஒரு மொறைக்கு எத்தினி ஆம்பளைக்குப் பங்குன்றதைத்தான் தலைன்னு சொல்லுவோம். என் பக்கம் நாலு பங்காளி, சாயந்தரம் வலை எறக்கணும். அதைத்தாம்மா கேட்டான். கையைக் குடு, ஏறு."

பவுனம்மாள் கையைக் கொடுக்கவில்லை. குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். பிறகு திரும்பிக் கரையைப் பார்த்தாள்.

"கரை வரைக்கும் இம்மாந்தானா?"

"இம்மாந்தாம்மா. முகத்துவாரத்தாண்டதான் ஆழம். மத்தபடி எங்க பொம்பளைங்க நடந்தே போயி எறா தடவுவாங்க."

"பஞ்சத்தப்போ?"

"அப்ப மழையே கெடையாதே. முழங்கால் இருந்திருந்தா பெருசு" என்றான் குப்பன். எதற்குக் கேட்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது.

தருமலிங்கத்துக்குத் தெரியும். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "பவுனு, ஏறு" என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

அவள் எல்லம்மாவைத் தூக்கி அவனிடம் கொடுத்தாள். தான் ஏறவில்லை. தண்ணீரிலேயே நின்றாள்.

"கூப்புடு தூரந்தான்யா இருந்தா" என்றாள். "நடந்தே போயிருப்பேனே."