தட்டுக்குள் இருந்த காவல்

மதுரைக் கருத்தரிப்பு மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்தப் பெண், சிவகாசிப் பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்தார். பட்டாசு ஆலையில் வெடிமருந்து அடைப்பவர். நகக்கண்ணில் ஏறிய அலுமினியத் தூளைச் சேலை நுனியால் ஓயாமல் துடைத்துக்கொண்டே வந்தார்.

“எங்க கரு கண்ணாடித் தட்டுல வளருது, தங்கச்சி. ஆக்சிஜன் பட்டுக் கெட்டுறாம இருக்க, அது கெடக்குற தண்ணியில ஆன்டிஆக்சிடன்டுன்னு ஒண்ணு சேக்குறாக. நாள மறுநா வயித்துல வைப்பாக.”

“அதுக்கப்புறம் வேலைக்குப் போகாதீங்கக்கா.”

“நல்லாச் சொன்னீக! சம்பளமில்லாட்டி டாக்டரு சும்மாவா வைப்பாரு?” என்று சிரித்தவர், சட்டெனக் குரலைத் தாழ்த்தினார். “அங்கன அம்புட்டுக் காவல். என் வயித்துக்குள்ள வந்த பெறகு ஆரு காவல்?”

விஸ்வநத்தத்தில் இறங்கியவர், வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஆலைக்கே நடந்தார். வேலையை விட்டால் சிகிச்சை நிற்கும். தொடர்ந்தால் அந்தத் தூளும் கருவோடு கூடவே வரும். எதைச் சொல்லியிருக்க வேண்டுமென்று எனக்கு இன்றும் தெளியவில்லை. நடந்தபடியே அவர் நகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.