ஒரு காது திறந்திருக்கும்

பட்டாசுப் பெட்டிமேல் கிடந்த மகனின் ஹெட்போனை எடுத்ததும் வெடிமருந்து வாடை அடித்தது. சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கந்தகம் ஒட்டிய விரல்கள் பட்டுப் பட்டே நாறிப்போயிருந்த பிரவுசிங் சென்டர் ஹெட்போன்களின் அதே வாடை. பள்ளி நாட்களில் நாங்கள் அங்கே கம்ப்யூட்டரில் ஆடிய துப்பாக்கி விளையாட்டில் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் எதிரியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் என் நண்பன் மாரியை அடிக்க ஆளில்லை, அதுவும் ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டுதான் ஆடுவான். மற்றொரு காது பக்கத்து விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போன அவன் அம்மாவுக்காக.

ஒரு மதியம் எங்கள் காதுகளில் குண்டுகள் வெடித்துக்கொண்டிருக்கையில், "ஏலே, இது வெளிய வெடிச்சதுலே" என்று எழுந்து ஓடினான். திரையில் அவன் ஆள் மட்டும் சுவரைப் பார்த்து அசையாமல் நின்றான். அவனைச் சுட எங்களில் யாருக்கும் கை வரவில்லை. அம்மாவை அடக்கம் செய்தபின் மாரி அந்தப் பக்கமே வரவில்லை.

ஹெட்போனை மகனிடம் நீட்டினேன்.

"வேணாம்ப்பா, எதுவும் கேக்கவே வேணாம். ஆள் எங்க இருக்கான்னு கேமே காட்டிரும்."

அவன் போனில், யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு ஆள் சுவரைப் பார்த்து நின்றான். மகன் விரல் படுமுன்னே துப்பாக்கி தானாக அந்த ஆள் பக்கம் திரும்பியது.